உபுண்டு 22.04-இல் சிவிஇ-2024-6387: பேட்ச் போட்ட பிறகும் ஸ்கேனர் சிவப்பு காட்டுகிறது

கேள்வி:
சிவிஇ-2024-6387 என்ற எண்ணில் பதிவான பாதுகாப்பு ஓட்டைக்காக ஓப்பன்எஸ்எஸ்எச் (சர்வரில் தொலைவிலிருந்து லாகின் செய்யும் மென்பொருள்) அப்டேட் முடிந்தது. ஆனாலும் நெசஸ் ஸ்கேனர் ரிப்போர்ட்டில் அதே ஓட்டை வருகிறது. இந்த சிவிஇ-யை எந்தச் சோதனை பிடிக்கிறது, எப்படிப் பிடிக்கிறது என்று எங்கே பார்ப்பது?

பதில் 1:
நெசஸைத் தயாரிக்கும் டெனபிள் தளத்தில் சிவிஇ எண்ணைத் தேடி, அந்தப் பக்கத்தின் பிளகின்ஸ் (ஓட்டையைத் தேடும் சோதனைகள்) பகுதியைத் திறங்க. ஒரே சிவிஇ-க்குப் பல பிளகின்கள் இருக்கும்: டிஸ்ட்ரோவுக்கு (உபுண்டு போன்ற லினக்ஸ் வகைக்கு) ஒன்று, பொதுவாக ஒன்று. உங்க ரிப்போர்ட்டில் வந்த பிளகின் எண் எதுன்னு முதல்ல பாருங்க. பொதுவான பிளகின் 22-ஆம் போர்ட் பேனரில் (இணைந்ததும் சர்வர் தன் பதிப்பைச் சொல்லும் வரி) 8.9பி1 என்று பார்த்ததும், 9.8பி1-க்குக் கீழே என்று கொடி காட்டிவிடும். உபுண்டுவோ பழைய பதிப்பிலேயே திருத்தத்தைச் சேர்க்கிறது. பேக்கேஜ் பதிப்பு 8.9பி1-3உபுண்டு0.10 அல்லது அதற்கு மேல் என்றால் சரியாகிவிட்டது.

பதில் 2:
லாகின் கொடுத்து ஸ்கேன் பண்ணுங்க. அப்போதுதான் டிபிகேஜி பட்டியலை (நிறுவிய பேக்கேஜ்களும் பதிப்புகளும்) வாசிக்கும். லாகின் தோற்றால் ஸ்கேன் நிற்காது, சத்தமில்லாமல் பேனர் ஊகத்துக்குப் போய்விடும். ரிப்போர்ட்டில் கிரெடென்ஷியல் சோதனை 'ஆம்' என்று இருக்கிறதா என்று பாருங்க.

நெசஸுக்குப் பதில் கிரீன்போன் ஸ்கேனர் என்றால் செக்இன்ஃபோ மெனுவில் சிவிஇ-யைத் திறந்தால் தொடர்புள்ள சோதனைகள் வரும். ஒன்றுமே வரவில்லையா? ஃபீட் (சோதனைகளின் தொகுப்பு) பழசாக இருக்கலாம், சிங்க் செய்துவிட்டுப் பாருங்க.

பதில் 3:
பேட்ச் போட முடியாமல் லாகின்கிரேஸ்டைம் 0 (லாகினுக்கு நேர வரம்பு இல்லை என்ற ஓப்பன்எஸ்எஸ்எச் அமைப்பு) வைத்தவர்களுக்கும் சிவப்புதான் வரும், பதிப்பு மாறவில்லையே. அந்த அமைப்பு ஓட்டையை அடைக்கும். ஆனால் இணைப்புகளை நிரப்பி சர்வரை முடக்க வழி விடும். தற்காலிகத்துக்கு மட்டும்.