புதுப்பிப்பு: இயற்பியலிலிருந்து பொருளறிவியலுக்கு

திண்மநிலை இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவருக்குப் பொருளறிவியலில் இடமுண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். உண்டு, உலோகக்கலவைகளை ஆராயும் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டேன். இன்னொரு முதுகலைப் பட்டம் வேண்டும் என்று சிலர் எச்சரித்தீர்கள். எனக்குத் தேவைப்படவில்லை. எலக்ட்ரான் அடர்த்தியைக் கொண்டு பொருளின் பண்புகளைக் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு (DFT) இங்கும் அன்றாடக் கருவிதான்.

திணறடிப்பது எஃகு. 727 பாகை செல்சியஸுக்கு மேலிருந்து மெல்லக் குளிர்வித்தால் பெர்லைட் என்ற அடுக்கடுக்கான நுண்ணமைப்பு. சட்டென்று நீரில் அமிழ்த்தினால் மார்ட்டென்சைட் என்ற மிகக் கடினமான நுண்ணமைப்பு. பின்னதற்கு, எந்த வெப்பநிலையில் எவ்வளவு கார்பனுக்கு எந்த அமைப்பு நிலைக்கும் என்று காட்டும் இரும்பு–கார்பன் சமநிலை வரைபடத்தில் இடமே இல்லை என்பது தனி வேடிக்கை! குறையற்ற படிகங்களையே கணக்கிட்டுவந்த எனக்கு, உலோகத்தின் வலிமையை நிர்ணயிப்பவை அதன் குறைகளே என்பது இப்போதுதான் உறைக்கிறது. டெய்லர், ஒரோவான், பொலானி என்ற அறிவியலாளர்கள் மூவரும் 1934இலேயே இடப்பெயர்வுகளை, அதாவது படிகத்தில் அணு வரிசை பிசகிய கோடுகளை, கொண்டு இதை விளக்கிவிட்டார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் பயிற்சி அடுத்த மாதம் தொடங்குகிறது.