கொடுவா மீனைக் கூடுதலாகப் பிடித்தால் இறால் பெருகுமா?

கேள்வி (கல்லடி):
அப்பா முப்பது வருடமாக மட்டக்களப்பு வாவியில் வலை போடுகிறார். "கொடுவாதான் இறாலைத் தின்னுது, அதப் பிடிச்சா இறால் பெருகும்" என்கிறார். நான் கம்பஸில் ஈக்கோசிம் மொடல் (எது எதைத் தின்னும் என்பதை வைத்து மீன் வளம் எப்படி மாறும் என்று கணிக்கும் கணினி மென்பொருள்) ஓட்டினால் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருகிறது. அவருக்கு என்ன சொல்ல?

பதில் 1:
தம்பி, அந்த மொடலில் இரை எவ்வளவு எளிதில் அகப்படும் என்று நாம் கொடுக்கும் எண்ணைக் கொஞ்சம் மாற்றினாலே விடை புரளும். கொடுவா இறாலையும் தின்னும், இறாலைத் தின்னுகிற சின்ன மீனையும் தின்னும். அதனால் கொடுவா குறைய, இறாலும் குறையலாம். முதலில் கொடுவாவின் வயிற்றை வெட்டி, என்ன தின்றிருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவின் வட கடலில் 1981இலும் 1991இலும் மீன் வயிறுகளைத்தான் பெருமளவில் சேகரித்தார்கள்.

பதில் 2 (வாழைச்சேனை):
வாவி கடலில் சேரும் முகத்துவாரம் திறக்கிற காலத்தையும் சேருங்கள். உப்பு மாறினால் இறால் வரத்தே மாறும்.

பதில் 3:
ஒரே விடையைத் தேடாதீர்கள். நோர்வேக்கு வடக்கே பேரன்ட்ஸ் கடலில் கப்பெலின் என்ற சின்ன மீனை, கொட் மீன் தின்னுவதையும் கழித்து, 2 இலட்சம் தொன் முட்டையிட மிஞ்சும் வாய்ப்பு 95 வீதம் இருந்தால்தான் பிடிக்க விடுகிறார்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. நாளைக்கு அப்பா கொண்டுவரும் கொடுவாவிலிருந்து தொடங்குகிறேன்.