போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷம் ஏன் போதாது?

செம்பூர் மருமகள்:
மாமியாருக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. போன ஜூனில், மும்பையில் மழை பிடிப்பதற்குள் ஃப்ளூ ஊசி போட்டோம். இந்த வருஷமும் போடச் சொல்கிறார் டாக்டர். "பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி சின்ன வயதில் போட்டதோடு சரி. இது மட்டும் ஏன் வருஷா வருஷம்?" என்று அத்தை கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

தானே வாசகன்:
எனக்கு ஊசி போட்டும் காய்ச்சல் வந்தது. ஆனால் மூன்றே நாளில் எழுந்துவிட்டேன். அத்தைக்குக் கட்டாயம் போடுங்கள்.

சயான் லேப்காரர்:
அத்தை கேட்டது சரியான கேள்வி. 22 வருஷம் வைரஸ் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன், கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

இந்த வைரஸின் மேல்தோலில் முள்முள்ளாகப் புரதங்கள் நிற்கும். அதில் ஹீமக்ளூட்டினின் என்பதுதான் நம் தொண்டைச் செல்லைப் பற்றிக்கொள்ளும் கை. ஊசி போட்டால் உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதம், அந்தக் கையின் நுனியில் போய் ஒட்டும். கை செல்லில் பதியாது.

லேபில் இதை ஒரு தட்டில் பார்ப்போம். 96 சின்னக் குழிகள். நோயாளியின் சீரத்தை (ரத்தத்தில் அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர், ஆன்டிபாடி இதில்தான் இருக்கும்) இரண்டு மடங்கு, இரண்டு மடங்காக நீர்க்க வைத்து, வைரஸையும் கோழி ரத்தத்தின் சிவப்பணுவையும் விடுவோம். வைரஸ் ஜெயித்தால் அணுக்களைப் பிணைத்துக்கொண்டு குழி முழுக்க இளஞ்சிவப்பாகப் பரவும். ஆன்டிபாடி ஜெயித்தால் அணுக்கள் அடியில் இறங்கி, சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு சிவப்புப் புள்ளியாக உட்காரும். தட்டைச் சாய்த்தால் அந்தப் புள்ளி கண்ணீர்த்துளி போல வழியும். ஒருமுறை, ஊசி போட்ட ஒருவரின் சீரம் பழைய வைரஸுக்கு எதிரே 640 மடங்கு நீர்த்த பிறகும் பொத்தானைக் காட்டியது. அதே சீரத்தைப் புதிய சீசன் வைரஸோடு வைத்தேன். 40-லேயே நின்றுவிட்டது. சீரத்தில் ஒரு குறையும் இல்லை, வைரஸின் முகம்தான் மாறியிருந்தது.

காரணம், இதன் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதி பிழையைத் திரும்பிப் பார்த்துத் திருத்தாது. கையின் நுனிக்கான மரபுக் குறிப்பில் ஓர் எழுத்து பிசகினாலே பழைய ஆன்டிபாடிக்குப் பிடி நழுவும். போதாததற்கு, ஊசியால் வந்த ஆன்டிபாடியும் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் வைரஸின் எந்தத் திரிபு (மாறிய வடிவம்) போக வேண்டும் என்று பரிந்துரைக்கிறது.

2009-இல் வந்த எச்1என்1, அதாவது பன்றிக் காய்ச்சல், வேறு கதை. வைரஸின் மரபுப்பொருள் 8 துண்டுகள். ஒரே பன்றிக்குள் இரண்டு வகை ஃப்ளூ நுழைந்தால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும், முகமே புதிதான வைரஸ் பிறக்கும்.

தானே வாசகன்:
ஒரு சந்தேகம் சார். தட்டம்மை வைரஸும் ஆர்.என்.ஏ.தானே? அதற்கும் பிழை வருமே?

சயான் லேப்காரர்:
வரும், நன்றாகக் கேட்டீர்கள். ஆனால் தட்டம்மை வைரஸின் மேற்புரதத்தில் ஆன்டிபாடி பிடிக்கும் முக்கியமான இடங்களும் செல்லைப் பற்றும் இடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அங்கே பிசகினால் வைரஸே பிழைப்பது கஷ்டம். ஃப்ளூவில், நம் செல்லின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறைப் பிடிக்கும், கையின் நுனியிலுள்ள சின்னக் குழி அப்படியே இருக்க, குழியின் விளிம்பு மட்டும் மாறிக்கொண்டே போகும். நாற்பது வருஷப் பழைய ஊசி தட்டம்மைக்கு இன்றும் பேசுகிறது என்றால் இதனால்தான்.

சகோதரி, ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். மும்பையில் மழைக்காலத்தில் ஃப்ளூ ஏறும். தள்ளிப்போடாதீர்கள். பெட்டியின் மேல் எந்த வருஷத்துத் திரிபு என்று அச்சிட்டிருக்கும், பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

செம்பூர் மருமகள்:
மிக்க நன்றி அண்ணா. பொத்தான் கதையை அத்தைக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். "அப்ப புது முகத்துக்குப் புது ஊசி" என்றார். சனிக்கிழமை காலை போகிறோம், எனக்கும் சேர்த்து.