தீவில் மாட்டிய பிள்ளைகள் கொடூரமாவதை நம்பும்படி எழுதுவது எப்படி?

பவளப்பாறை:
குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். 1970களின் நடுப்பகுதி. கீழக்கரைக்குப் பக்கத்து மீனவக் கிராமத்துப் பையன்கள் ஆறு பேர், பத்திலிருந்து பதினான்கு வயது வரை. ஆடி மாதக் கச்சானில் வள்ளம் உடைந்து தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். ஏழாம் நாள் ஒருவனை மற்றவர்கள் அடித்தே கொன்றுவிடுகிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் சொல்லும் குறை ஒன்றுதான்: நான்காம் அத்தியாயம் வரை பிள்ளைகள், ஐந்தில் திடீரென்று மிருகங்கள். முகத்தில் கரி பூசுவது, தீயைச் சுற்றி ஆடுவது எல்லாம் வைத்திருக்கிறேன். நடுவில் என்ன விடுபட்டிருக்கிறது?

தெற்குவாடி:
முதலில் காற்றைப் பாருங்கள். கச்சான் தென்மேற்கிலிருந்து அடிப்பது. தீவு கரைக்குத் தெற்கே இருக்கிறது. அந்தக் காற்றில் ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தாலும் கரைப்பக்கம்தான் தள்ளும். தீவுப்பக்கம் தள்ள வாடை வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை இருக்கும், தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தை கடைசி அல்லது மாசியில் வையுங்கள்: மழை ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் இருக்கும்.

இனி தண்ணீர். உங்கள் கதையின் நடுப்பகுதி முழுவதும் இதற்குள் இருக்கிறது. ஆறு பேருக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் என்றாலும் நாளைக்குப் பன்னிரண்டு. வள்ளத்தில் வந்த ஒரு குடம் ஒரு நாளைக்குத்தான் வரும். பிறகு மணலில் ஊற்றுத் தோண்ட வேண்டும். இப்படிச் சின்னத் தீவில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காக நிற்கும். ஆழம் குறைவாகத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து சிரட்டையால் அள்ளினால் குடிக்கலாம். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ ஒரேயடியாக இறைத்தாலோ கீழே இருக்கும் உப்பு மேலேறிவிடும். மூன்றாம் நாள் இரவு தாகம் தாங்காமல் ஒருவன் தனியாகப் போய் ஊற்றை ஆழப்படுத்தட்டும். காலையில் தண்ணீர் கரிக்கும். அவன் கெட்டவன் இல்லை, தாகமெடுத்த பிள்ளை. ஆனால் ஐந்து பேருக்கு இப்போது உண்மையான ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

கரிசல்வாசகி:
மேலே சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். கரியையும் ஆட்டத்தையும் எடுத்துவிடலாம். காட்டில் வாழ்பவர்களைக் காட்டுமிராண்டியாகப் பார்த்த வெள்ளைக்காரச் சாகசக் கதைகளின் மிச்சம் அது. உங்கள் பையன்களுக்கு அந்தப் படம் எங்கிருந்து வந்தது? அவர்கள் கண்டிருப்பது ஊர்க்கூட்டம், அபராதம், ஊர் விலக்கு. ஆகவே கொடுமை அந்த உருவத்தில்தான் வர வேண்டும். ஊற்றைக் கெடுத்தவனைக் கூட்டத்தில் நிறுத்துவார்கள். முதல் தண்டனை நியாயமாகவே இருக்கட்டும்: ஒரு வேளைத் தண்ணீர் இல்லை. அடுத்து அவனோடு யாரும் பேசக் கூடாது. அடுத்து, பேசிய சின்னவனுக்கும் தண்ணீர் இல்லை. அதன் பிறகுதான் திருக்கை மீன் வாலால் சாட்டையடி. கரையில் அந்த வாலடிக்கு இருக்கும் பயம் உங்கள் வாசகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒருவன் தயங்க வேண்டும், மற்றவர்கள் அவனைச் சமாதானப்படுத்த வேண்டும். இந்தத் தயக்கங்கள்தான் உங்களிடம் விடுபட்டவை.

இன்னொன்று. 1965இல் டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் அட்டா என்ற ஆளில்லாத் தீவில் மாட்டி, பதினைந்து மாதம் ஒற்றுமையாக இருந்து, 1966இல் உயிரோடு மீட்கப்பட்டார்கள். முறைவைத்து வேலை செய்தார்கள், தீயை அணையவிடவில்லை, கால் உடைந்தவனுக்குக் கட்டுப்போட்டுக் காப்பாற்றினார்கள். ஆகவே ‘தனியே விட்டால் மனிதன் மிருகம்தான்’ என்பதை இன்றைய வாசகர் சும்மா ஏற்க மாட்டார். உங்கள் ஆறு பேர் ஏன் அப்படி இருக்கவில்லை என்பதைக் கதை காட்டியாக வேண்டும்.

பவளப்பாறை:
ஊற்று விஷயம் நெஞ்சில் அறைந்த மாதிரி இருக்கிறது, நன்றி. இரண்டு சந்தேகம். மூக்குக்கண்ணாடியை வைத்துத் தீ மூட்டுகிறார்கள். அந்தப் பையன் கிட்டப்பார்வைக்காரன். சரிதானே? அப்புறம், ஏழு நாள் யாரும் தேடி வராமல் இருப்பார்களா?

தெற்குவாடி:
மூட்ட முடியாது. கிட்டப்பார்வைக்குக் குழிவில்லை, அது வெயிலைச் சிதறடிக்கும், குவிக்காது. தீவில் மாட்டிய பையன்களைப் பற்றி வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்’ நாவலிலேயே இந்தப் பிழை உண்டு. தூரப்பார்வைக் கண்ணாடியாக மாற்றுங்கள்.

தேடல்தான் பெரிய சிக்கல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கரையிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவை. இரவில் ஊர் விளக்கு தெரியும். தேசியப் பூங்கா 1986இல்தான் வந்தது, அதனால் உங்கள் காலத்தில் பாசி எடுக்கிற பெண்களும் மீன்காரர்களும் தடையில்லாமல் வருவார்கள். பையன்கள் தேவிபட்டினத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தால், முதல் சில நாள் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் தேடுவார்கள். அதற்கு மேல் இழுக்க முடியாது, இழுக்கவும் வேண்டாம். ஐந்தாம் நாள் ஒரு வள்ளம் தீவுக்குப் பக்கத்தில் வரட்டும். அடிபட்டவன் முதுகெல்லாம் வரிவரியாகத் தடித்துக் கிடக்கிறான். ‘இதை அவன் ஆத்தா பார்த்தால்?’ என்று ஒருவன் கேட்கிறான். இவர்களே தீயில் மணலை அள்ளிப் போட்டு, உடைமரப் புதருக்குள் படுத்துக்கொள்கிறார்கள். கொலை நடப்பது ஏழாம் நாள் என்றாலும் பிள்ளைப்பருவம் முடிவது அங்கேதான். அந்தக் காட்சிக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுங்கள்.

கரிசல்வாசகி:
அந்த அத்தியாயத்தைத் தண்ணீர் மறுக்கப்பட்ட சின்னவன் கண்ணால் சொல்லுங்கள். வள்ளம் தெரிந்ததும் அவன் வாயை ஒரு கை பொத்த வேண்டும். அதுவும் அதுவரை அவனைப் பார்த்துக்கொண்ட பெரியவனின் கை. அந்தப் பெரியவனை அவன் அதற்கு முன்பெல்லாம் ‘அண்ணே’ என்றே கூப்பிடட்டும், பிறகு ஒருமுறையும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். அடிபடுகிறவன் எந்த ஆட்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஆறில் ஒருவன் மட்டும் வேறு சாதியோ மதமோ என்றிருந்து அவனே அடிபட்டால், ஊற்றை மறந்து அதை மட்டுமே படிப்பார்கள். அதுதான் உங்கள் கதை என்றால் முதல் அத்தியாயத்திலேயே, வள்ளத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதிலேயே அது தெரிய வேண்டும். இல்லையென்றால் ஆறு பேரையும் ஒரே தெருவில் பிறக்க வையுங்கள்.