மறு: ஜெனரேட்டர் கேஸ் கிட்டில் வரும் ரெகுலேட்டருக்குத் தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் ஜெனரேட்டரைப் புரொப்பேன் எரிவாயுவில் ஓட்டுவதற்காக நாம் தமிழாக்கும் கையேட்டில் வரும் 'டிமாண்ட் ரெகுலேட்டர்' (என்ஜின் இழுக்கும்போது மட்டும் கேஸை விடும் உறுப்பு) என்பதைத் 'தேவைச் சீராக்கி' என்று போட்டு முடித்துவிடலாம் என்ற இடத்துக்குப் பேச்சு வந்திருக்கிறது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. சொல் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை, தங்கச்சிமடத்தில் எங்கள் குடும்பத்திலேயே நடந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அந்த வாரம். கரண்ட் இல்லை. சித்தப்பா மகன் கடையில் இரண்டு ஃப்ரீசர் நிறைய மீனும் நண்டும் கிடக்கின்றன. சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வைத்திருந்தான், ஆனால் ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் கடையை அடைத்தபோது டேங்கில் விட்ட பெட்ரோல் அப்படியே நின்று காபரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் வரும் சின்னத் துளையில்) பிசின் பிடித்துப்போய், எத்தனை தடவை கயிற்றை இழுத்தும் எடுக்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை வேறு இழுத்துக்கொள்ளும், நம் கடற்கரையில் கேட்கவே வேண்டாம். கேஸ் கெட்டுப்போகாது, அதில் ஓட்டிப் பார் என்று யாரோ சொல்ல, அடுப்பு ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டி, டியூப் முனையைக் காபரேட்டரின் காற்று வாயில் சொருகிவிட்டான். ஓடியது. ஃப்ரீசரைப் போட்டதும் திணறி நின்றது. என்ஜின் நின்றுவிட்டது, கேஸ் நிற்கவில்லை.

அடுப்பு ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தப் பக்கம் எரிகிறதா அணைந்ததா என்று அதற்குத் தெரியாது. புரொப்பேன் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு, மேலே போகாமல் தரையோடு படியும். மழைக்காகப் பின்கட்டுத் தாழ்வாரத்தைத் தார்ப்பாயால் சுற்றிக் கட்டியிருந்தார்கள் (புகையில் கார்பன் மோனாக்சைடு வருமே, அதற்காகவே அப்படி வைத்திருக்கக் கூடாது, அது தனிக் கதை). மதினிக்கு வாடை தட்டி ஓடிவந்து சிலிண்டரை மூடினார்கள். பொறி ஒன்று பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

பிறகு அவன் கேட்டதுதான் இந்த இழைக்குத் தேவையானது: "ரெகுலேட்டர் போட்டுத்தானே அண்ணே மாட்டினேன்?" போட்டுத்தான் மாட்டினான். இரண்டுக்கும் பெயர் ரெகுலேட்டர். நாமும் இரண்டுக்கும் சீராக்கி என்று எழுதி ஒன்றின் முன்னால் மட்டும் 'தேவை' சேர்த்தால், அவசரத்தில் படிக்கிறவனுக்கு 'தேவையான சீராக்கி' என்று தோன்றும், வீட்டில் இருப்பதை எடுத்து மாட்டுவான்.

கையேடு சொல்லும் டிமாண்ட் ரெகுலேட்டரைப் பாம்பனில் ஒரு மெக்கானிக் தம்பி எனக்குப் பிரித்துக் காட்டினார். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய வட்டமான உலோகக் கூடு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன நெம்புகோல், நெம்புகோலின் மறுமுனை கேஸ் வரும் துளையை ஸ்பிரிங் பலத்தில் அடைத்து நிற்கிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உண்டாகும் இழுப்பில் சவ்வு உள்வாங்கும், நெம்புகோல் அசையும், துளை திறக்கும். என்ஜின் நின்றால் இழுப்பு இல்லை, துளை மூடிக்கொள்ளும். சிலிண்டரில் மாட்டாத வெறும் கூட்டை வாயில் வைத்து லேசாக உறிஞ்சினார், 'டக்' என்று கேட்டது. "மூச்சு இழுத்தா மட்டும்தாண்ணே இது திறக்கும்" என்றார்.

அதனால் என் முன்மொழிவு மூச்சுத்திறப்பான்.

உவமைக்காக மூச்சை இழுத்து வந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கார்களை எரிவாயுவில் ஓட்ட எமில் கான்யான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் இப்படிப்பட்ட ஒரு உறுப்பைச் செய்தார். அதையே மாற்றியமைத்துத்தான் அவரும் கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவும் 1943 வாக்கில் கடலுக்கடியில் மூச்சுவிடும் அக்வாலங் கருவியைக் கொண்டுவந்தார்கள். என்ஜின் மூச்சு இழுப்பதும் முக்குளிப்பவர் மூச்சு இழுப்பதும் அந்தச் சவ்வுக்கு ஒன்றுதான். காலங்காலமாக மூச்சை அடக்கிச் சங்கு குளித்த கரை நம்முடையது, இந்தச் சொல்லை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மண்டபத்துத் தம்பி வால்வுக்குப் பாடநூலில் 'அடைப்பான்' இருக்கிறதே, 'மூச்சடைப்பான்' எனலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. மூச்சடைப்பு என்றால் ஊரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது. 'இழுப்புச் சீராக்கி'யும் சரிவராது, மெக்கானிக்குகளிடம் இழுவை என்றால் வண்டியின் பலம், வீட்டில் இழுப்பு என்றால் ஆஸ்துமா. மூச்சுத்திறப்பான் மருந்துக்கடைச் சொல் போலக் கேட்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். கையேட்டில் முதல் தடவை 'எரிவாயு மூச்சுத்திறப்பான்' என்று முழுதாக எழுதிவிட்டால் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'இருஎரிபொருள் ஜெனரேட்டர்' இலக்கணப்படி 'ஈரெரிபொருள்' ஆக வேண்டும் என்று ஆசிரியர் ஐயா திருத்தியது சரிதான், ஆனால் பேச்சில் அது ஈரமான எரிபொருளாகக் காதில் விழுகிறது, 'இரட்டை எரிபொருள்' என்றே வைப்போம். மின்னாக்கியா, கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் எழுதுவது போல மின்பிறப்பாக்கியா என்ற சண்டையை இந்தக் கையேட்டில் வைத்துக்கொள்ளாமல் ஜெனரேட்டர் என்றே விடலாம். கேஸில் ஓட்டும்போது ஏறத்தாழ 10 சதவீதம் திறன் இறங்குவதற்குத் 'திறனிறக்கம்' நல்ல சொல், 'திறன்குறைபாடு' என்றால் மெஷினில் கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம், கையேடு புரொப்பேன் என்றாலும் நம் சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது என்பதையும், 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைக் கடை ஜெனரேட்டருக்கு மாட்டக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் என்பதையும் அடிக்குறிப்பில் தள்ளாமல் முதல் பக்கத்திலேயே போட வேண்டும்.

ஒன்று பாக்கி. மூச்சுத்திறப்பானின் முகப்பில் ஒரு பொத்தான் உண்டு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு நொடி அழுத்தினால் 'உஸ்' என்று கொஞ்சம் கேஸ் உள்ளே போகும். பாம்பன் தம்பி அதைப் பிரைமர் என்கிறார். எனக்கு 'முதல்மூச்சுப் பொத்தான்' என்று ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஊற்றி அடிபம்பை எடுக்க வைப்பதற்குக் கீழக்கரை, தொண்டிப் பக்கம் ஏதாவது ஒரே சொல் புழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளலாம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.