புதுப்பிப்பு: மேஜர் செவன் கார்டை முக்கோணமாகக் காட்டுவது, தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில், மேஜர் செவன் கார்டு (கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) "சி மேஜ் செவன்" என்று எழுத்தில் வருவதை முக்கோணக் குறியாக மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தேன்.

முதலில் ஸ்டைல் அமைப்புகளில் கார்டுத் தோற்றத்தை ஸ்டாண்டர்டில் இருந்து ஜாஸ் ஆக்கினேன். கார்டுப் பெயருக்குப் பின்னால் வரும் ஏழு போன்ற நீட்டிப்புகள் மேலே ஏறி நின்றன, எழுத்துரு கையெழுத்து மாதிரி ஆனது. பார்க்க அழகுதான், ஆனால் முக்கோணம் வரவில்லை. நாம் தட்டச்சு செய்த எழுத்தைத்தான் அது காட்டுகிறது.

வேலை செய்தது இரண்டாவது யோசனை: "மேஜ்" என்று அடிக்காமல், ட்ரையாங்கிள் என்ற சொல்லின் முதல் எழுத்தான சின்ன டீ-யை அடித்து அப்புறம் ஏழு போடுவது. கர்சர் நகர்ந்ததும் முக்கோணம் வந்துவிட்டது. பழைய கார்டுகளை மட்டும் ஒவ்வொன்றாக இரட்டைக் கிளிக் செய்து திருத்தினேன். பொறுமை வேண்டும், வேறொன்றுமில்லை.

எதிர்பாராத ஒன்று. ஹாஃப் டிமினிஷ்டு என்ற இன்னொரு கார்டு வகைக்குப் பூஜ்யம் அடிக்க வேண்டும். கோடு போட்ட வட்டம் வரும். நான் அவசரத்தில் ஆங்கில ஓ எழுத்தை அடித்திருந்தேன். அது வெறும் வட்டம், அதாவது முழு டிமினிஷ்டு. இரண்டுக்கும் ஒரு சுரம் மாறும்: பி டிமினிஷ்டு செவனில் ஏ ஃப்ளாட் (அரைச்சுரம் குறைந்த ஏ) வரும், பி ஹாஃப் டிமினிஷ்டில் ஏ நேச்சுரல் (சாதாரண ஏ). அச்சில் சட்டென்று கண்ணில் படாது, வாசிக்கும்போதுதான் இடித்தது.

இன்னொன்று: ஸ்டைல் மாற்றம் திறந்திருக்கும் ஸ்கோருக்கு (இசைத்தாளுக்கு) மட்டுமே. ஸ்டைலைத் தனிக் கோப்பாகச் சேமித்து மற்ற ஸ்கோர்களில் ஏற்றிக்கொண்டேன்.