பழைய இழைப்பு மெஷினுக்கு உதிரிப் பாகம்: கம்பெனி பேரை விடுங்க, நம்பரைச் சொல்லி வாங்குங்க

தச்சு வேலை

கம்பைன்ட் பிளானர் (மரத்தை இழைத்து, கனமும் சமமாக்குகிற மெஷின்) இருக்கிற பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு, "இந்தக் கம்பெனியே இப்போ இல்ல, பார்ட்ஸ் கிடைக்காது" என்பது. பட்டாலா, லூதியானா, ராஜ்கோட் பக்கமிருந்து வந்த வார்ப்பட மெஷின்கள் பலவற்றில் பெயர்த் தகடுகூட இருக்காது. ஆனால் தேய்ந்து போகிற பாகங்களில் மெஷின் கம்பெனி தானே செய்வது மிகக் கொஞ்சம். பேரிங், பெல்ட், கண்டென்சர், போல்ட் எல்லாம் நம்பர் போட்டு எல்லா ஊரிலும் விற்கிற சாமான்தான். அவரவர் கைக்கு வந்த மெஷின்களில் பார்த்ததை, தொழிலை மேலே போட்டு எழுதுங்கள். பெல்ட்டில் நான் தொடங்குகிறேன்.

பெல்ட்டின் முதுகில் ஏ-43, பி-52 என்று அச்சடித்திருக்கும். எழுத்து கனத்தைக் குறிக்கும். ஏ என்றால் மேல் அகலம் 13 மி.மீ., உயரம் 8. பி என்றால் 17-க்கு 11. எண் உள்சுற்றளவு, இன்ச் கணக்கில். அச்சு அழிந்திருந்தால் வெளிப்பக்கம் டேப்பைச் சுற்றி அளந்து, ஏ பெல்ட்டில் 2 இன்ச், பி பெல்ட்டில் ஏறக்குறைய 2¾ இன்ச் கழித்தால் நம்பர் வந்துவிடும்.

பெல்ட்டே இல்லாமல் மெஷின் கைக்கு வந்தால் கணக்குப் போட வேண்டும். மோட்டார் புல்லி 5 இன்ச், கட்டர் (பிளேடு மாட்டிச் சுழல்கிற உருளை, கட்டர் பிளாக்) புல்லி 3½ இன்ச், இரண்டு அச்சுக்கும் நடுவே 16 இன்ச் என்று வைத்துக்கொள்வோம். புல்லிகளின் கூட்டுத்தொகை 8½, அதை 1.57-ஆல் பெருக்கினால் 13.35. அதோடு 16-இன் இரு மடங்கு 32 சேர்த்தால் 45.35. இது வெளிச்சுற்று. ஏ பெல்ட்டுக்கு 2 கழித்தால் 43.35. ஏ-44 வாங்கி மோட்டாரைப் பின்னால் தள்ளி இறுக்குவது எளிது. ஏ-43 மாட்டும்போதே திணறும்.

பெல்ட் மாற்றியும் வழுக்கினால் புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். பள்ளத்தின் அடித்தளம் பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். வி பெல்ட் பிடிப்பது பக்கச் சுவரில்தான், அடியில் படவே கூடாது. அந்தப் புல்லியில் புது பெல்ட் எத்தனை போட்டாலும் காசு வீண். இரட்டைப் பெல்ட் மெஷினில் ஒன்று அறுந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையது நீண்டிருக்கும், புதியது மொத்த இழுவையையும் தனியாகத் தாங்கும்.

மதுரை கோச்சடையில் செய்கிற ஃபென்னர் பெல்ட் சின்ன ஊர் ஹார்டுவேர் கடையிலும் இருக்கும். இதற்கு மெஷின் டீலரைத் தேடி அலைய வேண்டாம்.

பேரிங் கடை, கோவை

கடையில் வந்து "பிளானர் பேரிங் குடுங்க" என்று கேட்காதீர்கள். பழைய பேரிங்கின் முகத்தைத் துணியால் துடைத்தால் நம்பர் தெரியும். 6205 என்றால் உள்துளை 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் உள்துளை. இது 04-இலிருந்து பொருந்தும். அதற்குக் கீழே 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. நம்பர் அழிந்திருந்தால் வெர்னியரில் இந்த மூன்று அளவும் எடுத்து வாருங்கள், போதும்.

நம்பருக்குப் பின்னால் வருகிற எழுத்தை விட்டுவிடுகிறார்கள். மரத்தூள் இருக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் ரப்பர் மூடிய 2ஆர்எஸ் கேளுங்கள். தகடு மூடிய இசட்இசட் போட்டால் நைஸான தூள் இடுக்கு வழியே புகுந்து கிரீஸைக் களியாக்கிவிடும். பழையதில் சி3 என்று இருந்தால் புதியதும் சி3 ஆகவே இருக்கட்டும். சூடேறி விரியும்போது உள்ளே இடம் வேண்டும் என்றுதான் அதைப் போட்டிருப்பார்கள்.

கழற்றினவுடன் ஷாஃப்டைப் பாருங்கள். உள்வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் செங்கல் பொடி மாதிரி சிவப்புத் தூள் ஒட்டியிருந்தால், வளையம் ஷாஃப்டின் மேலேயே சுழன்றிருக்கிறது. அங்கே புது பேரிங் கையாலேயே தள்ளினால் ஏறிவிடும். ஏறிவிட்டதே என்று சந்தோஷப்பட வேண்டாம், அது சீக்கிரமே போகும். சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கி ஏற்றுகிற வழக்கம் உண்டு. நிமிடத்துக்கு 4,000 சுற்றுப் போகிற கட்டர் பிளாக்கில் அந்தப் புள்ளிகள் தேய்ந்து பழைய ஆட்டமே திரும்பும். ஆட்டம் 0.1 மி.மீ.-க்குள் இருந்தால் பேரிங் ஒட்டும் பசை தாங்கும். அதற்கு மேல் என்றால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

ஏற்றும்போது ஷாஃப்டில் இறுக்கமாக ஏறுகிற பேரிங் என்றால் உள்வளையத்தில்தான் அடி விழ வேண்டும். சரியான அளவு ஜிஐ பைப் துண்டை வைத்துத் தட்டுங்கள். வெளிவளையத்தில் சுத்தி பட்டால் அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் குழி விழும். மாட்டிய அன்றே 'கொர்' என்று சத்தம் வருகிற பேரிங்குகளைப் பிரித்தால் பெரும்பாலும் இந்தக் குழிதான் தெரிகிறது. பழி கம்பெனி மேல் விழுகிறது.

மரவாடி

ஒரு சேர்க்கை. பழைய மரவாடிகளில் இன்னும் ஓடுகிற வாட்கின், ராபின்சன் மாதிரி இங்கிலாந்து மெஷின்களில் ஷாஃப்ட் இன்ச் அளவில் இருக்கும். 1 இன்ச் என்றால் 25.4 மி.மீ. 6205 அதில் ஏறாது. அந்த 0.4-ஐ எமரி பேப்பரில் தேய்த்து இறக்கியிருக்கிற ஷாஃப்ட்டுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. ஐம்பது அறுபது வருஷம் ஓடிய இரும்பு, இன்னும் அவ்வளவு ஓடும். இன்ச் அளவு பேரிங்காக ஆர்எல்எஸ் 8 என்று கேளுங்கள். 1 இன்ச் துளை, 2¼ வெளிவிட்டம், ⅝ அகலம். சென்னையில் ஜார்ஜ் டவுன் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் விசாரித்தால் வரவழைத்துத் தருவார்கள்.

வார்ப்பட வீட்டோடு வருகிற பேரிங்கான பில்லோ பிளாக்கிலும் இதே குழப்பம் உண்டு. யூசிபி 205 என்றால் 25 மி.மீ. யூசிபி 205-16 என்றால் 1 இன்ச். கோட்டுக்குப் பின்னால் வருவது பதினாறில் எத்தனை பங்கு என்ற கணக்கு. உள்ளே இருக்கிற பேரிங் மட்டும் போயிருந்தால் யூசி 205-16 என்று அதை மட்டும் தனியாக வாங்கலாம். வார்ப்பட வீட்டை எதற்கு மாற்றுவது?

பேண்ட்சா (இரண்டு சக்கரத்தில் ஓடுகிற நாடா ரம்பம்) பிளேடுக்கு ரெடிமேட் தேட வேண்டாம். சுருளிலிருந்து வெட்டி ஒட்டித் தருகிறவர்களிடம் நீளம் சொன்னால் போதும். மேல் சக்கரத்தின் டென்ஷன் ஸ்க்ரூவை நடுவாக்கில் நிறுத்தி, சக்கர விட்டத்தை 3.14-ஆல் பெருக்கி, அச்சுகளுக்கு இடையிலான தூரத்தின் இரு மடங்கைக் கூட்டுங்கள். கனம் சக்கர விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 36 இன்ச் சக்கரத்துக்கு 0.9 மி.மீ. அதே பிளேடை மலிவாகக் கிடைக்கிறதே என்று 18 இன்ச் சக்கரத்தில் மாட்டினால் பல்லின் அடியில் மயிரிழை விரிசல் விழுந்து அறும்.

காயில் கட்டுபவர்

சிங்கிள் ஃபேஸ் மோட்டார் 'ம்ம்' என்று உறுமி நின்றால், உடனே காயில் போச்சு என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். லைனைத் துண்டித்துவிட்டு பெல்ட்டைக் கழற்றுங்கள். கையால் சுற்றினால் ஷாஃப்ட் லேசாகச் சுழல்கிறதா? சுழன்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டிங் கண்டென்சர், இல்லையென்றால் வேகம் பிடித்ததும் அந்தக் கண்டென்சரைத் துண்டிக்கிற, உள்ளே இருக்கிற சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்ச். அந்த ஸ்விட்ச்சின் முனையில் மரத்தூளும் கரியும் அடைத்திருக்கும். நைஸ் எமரியால் தேய்த்தாலே பல மோட்டார்கள் ஓடிவிடுகின்றன, ஒரு பாகமும் வாங்காமல்.

கண்டென்சரைத் தொடுமுன் அதில் தேங்கிய கரண்டை இறக்குங்கள். 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரை முனைகளில் சில விநாடி வைத்தால் இறங்கிவிடும். புதியதில் மைக்ரோ ஃபாரட் அதேதான் இருக்க வேண்டும். வோல்ட் அதிகமானால் பரவாயில்லை, குறையக் கூடாது. ஸ்டார்ட்டிங் கண்டென்சரை, மோட்டார் ஓடுகிற நேரமெல்லாம் வேலை செய்கிற ரன்னிங் கண்டென்சர் இடத்தில் போட்டால் வெடிக்கும். அது சில விநாடி வேலைக்கு மட்டும் செய்தது.

கை பிளானருக்குக் கார்பன் (சுழல்கிற ஆர்மேச்சருக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு) கிடைக்கவில்லை என்றால் கனம், அகலம் இரண்டிலும் கொஞ்சம் பெரியதை வாங்கி, கண்ணாடி மேல் எமரி பேப்பரை விரித்துத் தேய்த்து இறக்கலாம். கூட்டுக்குள் தானாக வழுக்கி இறங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சின்னதைப் போட்டால் சாய்ந்து நின்று நெருப்பு பறக்கும், அது உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டர் போகும். அப்புறம் செலவு ஆர்மேச்சருக்கு.

லேத் பட்டறை

கட்டையை ஒரே கனமாக்குகிற திக்னஸ் மெஷினில் ரோலரை ஓட்டுகிற கியர் பல் உடைந்தால் முழு செட் தேவையில்லை. பல்லை எண்ணுங்கள், வெளிவிட்டத்தை அளங்கள். வெளிவிட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி வகுத்தால் மாட்யூல், அதாவது பல்லின் அளவு எண். 24 பல், 52 மி.மீ. என்றால் 52-ஐ 26-ஆல் வகுத்து 2. விடை 2.1, 1.95 மாதிரி வந்தால் அது இன்ச் கியராக இருக்கலாம், ஜோடிக் கியரையும் கொண்டுவாருங்கள். நைலான் கியரை இரும்பில் செய்யச் சொல்வார்கள். வேண்டாம். கட்டை சிக்கும்போது தான் உடைந்து மற்றதைக் காப்பாற்றத்தான் அது நைலானில் இருக்கிறது.

தச்சு வேலை

கை பிளானர் 82 மி.மீ. என்றால் 82-க்கு 5.5-க்கு 1.1 மி.மீ. இருமுனை கார்பைட் பிளேடு பல கம்பெனிக்கும் ஒன்றுதான். எது மலிவோ அதை வாங்கலாம்.

பெரிய மெஷினில் அப்படி இல்லை. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு வாங்கும்போது சமையலறைத் தராசிலாவது நிறுத்து ஒரே எடையுள்ள ஜோடியாக எடுங்கள். சாணைக்கும் ஜோடியாகவே கொடுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் கட்டர் பிளாக் அதிர்ந்து, இன்று மாற்றிய பேரிங் மறுபடி போகும்.

பிளேடைப் பிடிக்கிற ஆப்புக்கட்டையின் போல்ட்டை மட்டும் சில்லறையாக வாங்காதீர்கள். தலையில் கிரேடு எண் அச்சில்லாத போல்ட் அந்த இடத்துக்கு ஆகாது. பழையதில் என்ன கிரேடோ அதே, என்ன நீளமோ அதே. தலை மழுங்கினது, மரை இழுத்தது ஒன்று தெரிந்தாலும் அந்த வரிசை முழுவதும் மாற்ற வேண்டும். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் இரண்டு சுற்றாக இறுக்குங்கள். லைனைத் துண்டித்து, கட்டரைக் கையால் திருப்பிப் பாருங்கள். இழைத்த கட்டை வெளியேறுகிற பின் மேசையில் வைத்த நேர்க்கட்டையைப் பிளேடின் முனை இடது, நடு, வலது மூன்று இடத்திலும் ஒரே தூரம், 3 மி.மீ. அளவு, முன்னால் இழுக்க வேண்டும். அதன் பிறகு போல்ட்டை எல்லாம் இன்னொரு முறை தொட்டுப் பார்த்து ஸ்விட்ச்சைப் போடுங்கள்.